பெட்டி வாங்கினால் போதுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

சிமெண்ட்டுக்குப் பெயர் பெற்றது நம் அரியலூர். 1979-இல் அரசின் டான்செம் ஆலை தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகளும் பெருகின. அவற்றை நம்பி லாரி அலுவலகங்கள், எடைமேடைகள், உதிரிபாகக் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் என எத்தனை எத்தனை சிறு நிறுவனங்கள்! ஒரு காலத்தில் சிவப்புத் துணி போர்த்திய பேரேடுகளில் இருந்த கணக்கெல்லாம் இன்று கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. நான்கைந்து கணிப்பொறிகள் உள்ள இடங்களில், அனைத்திற்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டியையும் வாங்கி வைக்கிறார்கள். 'நாஸ்' என்பது அதன் பெயர். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகள் இருக்கும். நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிட்டால், எந்த மேசையில் அமர்ந்திருப்பவரும் ஒரே கணக்கைத் திறந்து பார்க்கலாம். நல்ல கருவிதான், மறுப்பார் யார்? ஆனால் வாங்குவதில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் பேணுவதில் காட்டுகிறார்களா என்பதே என் கேள்வி.

"இரண்டு டிஸ்க் இருக்கிறது தம்பி, ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும்" என்று முதலாளிமார் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எழுதிய கட்டுரை ஒன்றால் பெயர் பெற்ற 'ரெய்டு' என்னும் முறை அது. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் காக்கும், உண்மை. ஆனால், எழுத்தர் கைதவறிக் கணக்கை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். இடி இறங்கினாலும், வெள்ளம் புகுந்தாலும், திருடன் பெட்டியோடு தூக்கிச் சென்றாலும் இரண்டும் சேர்ந்தே போகும். இரட்டை மாடு பூட்டிய வண்டி கிணற்றில் விழுந்தால் ஒரு மாடு மட்டும் கரையில் நிற்குமா?

இது ஏட்டுப் பேச்சன்று. எங்கள் பகுதியில் ஒரு லாரி அலுவலகம். என் தந்தையார் அங்கே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. சென்ற ஆண்டு ஒரு மழை இரவில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அந்த அலுவலகப் பெட்டி கருகிப் போயிற்று. படியெடுக்க வெளியே தனி டிஸ்க் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது நிரம்பிப் பல மாதமாகிவிட்டது! "இடமில்லை, இடமில்லை" என்று பெட்டி ஒவ்வொரு வாரமும் மின்னஞ்சல் அனுப்பிக் கொண்டுதான் இருந்தது. யாருக்கு? அதைப் பொருத்திய தொழில்நுட்பருக்கு. அவரோ சவூதி போய் ஓராண்டு ஆகிறது.

எடைச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு நடைக்கூலி முழுதாகக் கிடைத்தது. சீட்டைத் தொலைத்தவர்களுக்கு முதலாளி சொன்னதே கணக்கு. என் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் ஒவ்வொரு சீட்டையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பவர். அதனால் நாங்கள் தப்பினோம். எதிர் வீட்டு அண்ணன் தப்பவில்லை. பதினொரு நடை போயிற்று. பெட்டி முதலாளியுடையது, அதில் இருந்த உழைப்பு யாருடையது?

இதைச் சிற்றூரின் அறியாமை என்று எவரும் எள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் பொதுவாகப் பயன்படுத்திய சேமிப்பகத்தில் 858 டெராபைட் ஆவணங்கள் எரிந்தொழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் படியே எடுக்கவில்லையாம்! விஞ்ஞானத்தில் வளர்ந்த நாடு அது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற நச்சுநிரல், இணையத்திற்கு நேரே திறந்து கிடந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பிட்காயினில் பணயம் கேட்டது. வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பீட்டர் குரோ என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று படிகள், இருவகைக் கருவிகள், ஒன்றேனும் வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. யூ.பி.எஸ். ஒன்று, வெளியே இரண்டு டிஸ்க்குகள், மாற்றி மாற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒருவர். சுண்ணாம்புத் தூசி நிறைந்த நம் ஊரில் பெட்டியின் விசிறியைத் துடைக்க ஒரு தூரிகையும் வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியம், எடுத்த படியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்ப்பது. இதைத்தான் யாரும் செய்வதில்லை. வெளிநாட்டாரிடம் கற்கவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்துத் திருமழபாடிக்குப் போய் வாருங்கள். முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 அளவில், அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்கும் முன் பழஞ்சுவரின் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. அரசனே மாறிய பிறகும் அந்தப் படி காக்கப்பட்டது, தேடியபோது கிடைத்தது, படிக்கும்படியும் இருந்தது! யாரோ ஒரு கணக்கர் அதற்குப் பொறுப்பாய் இருந்திருப்பார். நம் லாரி அலுவலகத்தில் அந்த யாரோ இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

கணிப்பொறி படிக்கிறேன் என்றால் ஊரில் செல்போன் சார்ஜரைப் பழுது பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பதில், மாதம் ஒரு சனிக்கிழமை நம் மாணவர் இருவர் இருவராக இத்தகைய அலுவலகங்களுக்குச் சென்று, முந்தைய மாதத்தின் ஒரு நாள் கணக்கை மட்டும் படியிலிருந்து மீட்டுக் காட்டினால் என்ன? ஒரு மணி நேர வேலை. பேராசிரியப் பெருமக்கள் இதைச் செய்முறைப் பயிற்சியாகவே ஏற்கலாம். எச்சரிக்கை மின்னஞ்சல் யார் பெயருக்குப் போகிறது என்பதையும் அன்றே பார்த்து மாற்றி விடலாம். முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: வாரக் கடைசியில் ஒவ்வோர் ஓட்டுநரின் நடைக்கணக்கையும் ஒரு தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.