நீர் வழியும் வறண்ட கண்

வைகாசி, ஆனி மாதங்களில் வாகரைப் பக்கம் போனவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கேயிருந்து அனலை வாரிக்கொண்டு வரும் அக்காற்றில் களப்போரச் சேறும் வெடிக்கும். கண்ணும் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். எரியும், நீர் வழியும். நீர் வழியும் கண்ணைப் பார்த்து "வறண்ட கண்" என்று வைத்தியர் சொன்னால் சிரிப்பவரும் உண்டு.

சிரிப்பதற்கில்லை. கண்ணீர் வெறும் நீரன்று. இமை விளிம்பின் சுரப்பிகள் தரும் எண்ணெய் மேலே, கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர் நடுவே, வெண்படலம் தரும் வழுவழுப்பு அடியிலே என அமைந்த மெல்லிய படலம் அது. எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிறது. கண் பதறிப் புதுநீரைக் கொட்டுகிறது. அந்நீரோ விழியில் நிலைக்காது கன்னத்தில் ஓடிவிடுகிறது.

இதில் விட்டமின் டி-க்கு என்ன வேலை? 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மக்கொலம், மீன் ஈரல் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். எலிகளின் கண் வறட்சியைத் தீர்க்கும் ஆற்றல் அதில் அழிந்தது. எலும்பு நோயைத் தீர்க்கும் ஆற்றல் எஞ்சியது. எஞ்சியதற்கே டி என்று பெயர். அன்றுதொட்டுக் கண்ணுக்கு ஏ, எலும்புக்கு டி என்று பாகப்பிரிவினை நடந்துவிட்டது. அந்த வேலி அவ்வளவு உறுதியானதன்று என்பது இப்போது தெரிகிறது. விழியின் கருவிழிச் செல்களிலும் டி-யை ஏற்கும் அமைப்பு உண்டு. டி குறைந்தவர்களிடம் கண்ணீர் குறைவதையும், படலம் விரைவில் கலைவதையும் பல ஆய்வுகள் கண்டுள்ளன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை; ஆதலால் கண் வறட்சிக்கெல்லாம் டி குறைவே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். முதுமை, நீரிழிவு, இமை கொட்டாமல் கைபேசி பார்த்தல் ஆகியவையும் காரணங்களே.

வெயில் கொளுத்தும் ஊரில் டி குறையுமா என்பது நியாயமான கேள்வி. தோணியேறுபவருக்கு வெயில் தாராளம். அடுக்களையிலும் படிப்பறையிலும் பகலைக் கழிப்பவர் நிலை வேறு. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் டி-யை உண்டாக்காது. உதயகால இளவெயிலும் அவ்வளவு பயன் தராது. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகும் வேளையில், கைகால்களில் சிறிது நேரம் படும் வெயிலே உதவும். கரிய மேனிக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். தலைக்கும் கண்ணுக்கும் நிழல் இருக்கட்டும். வெயிலில் உழைப்போர் கண்ணில் சதை வளர்வதற்கு அதே சூரியக் கதிர்களும் ஒரு காரணம். சாளை, சூடை முதலிய கொழுப்பு மீன்களிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் டி உண்டு.

குளிசையைத் தாமாக வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. மிகுந்த டி உடலில் தங்கி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தப் பரிசோதனைக்குப் பின் வைத்தியர் அளவு சொல்லட்டும். மாலையில் பிள்ளைக்குப் பார்வை மங்கினால் அது பெரும்பாலும் ஏ-யின் குறைவு. அதற்கு வெயில் மருந்தாகாது. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.