மக்கர் செய்தாலும் விற்க மாட்டேன்!

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று சாலையில் ஓடும் எந்தக் காரையும் எடுத்துக் கொள்ளுங்கள். இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேகிற்கு ஒன்று என்று பல சின்னக் கம்ப்யூட்டர்கள் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒயர் வழியாகப் பேசிக் கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன் பஸ்' என்னும் முறைதான் இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆகவே கார் பழுதாவதும் கம்ப்யூட்டர் பழுதாவதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வேறு வேறு விஷயங்கள் அல்ல.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கோவையில் வேலை. என்னிடம் இருப்பது 2014இல் தயாரான ஒரு சின்ன பெட்ரோல் கார். இரண்டாம் கையாக வாங்கினேன். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று ஆண்டுகளில் 14 முறை பழுதானது. அதில் மூன்று முறை வழியிலேயே நின்று விட்டது. இதுவரை ரிப்பேர் செலவு மட்டும் 1,12,000 ரூபாய். "விற்றுத் தொலை" என்று சொல்லாத நண்பர்களே எனக்குக் கிடையாது. ஆனாலும் விற்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஓட்டும் சுகம்

முதல் காரணம் எளிமையானது. ஓட்டுவதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியருக்கு இறக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பினால், நாம் நினைத்த இடத்தில் வண்டி திரும்பும். சாலையின் சொரசொரப்பு கூட ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரியும். நண்பரின் புதிய காரில் அதே பாதையில் போயிருக்கிறேன். ஒரு குலுக்கலும் இல்லை, ஒரு கவலையும் இல்லை. வால்பாறையில் இறங்கிய போது, வந்த வழி ஒன்றுமே நினைவில் இல்லை.

ஆனால் ஓட்டும் சுகம் வேண்டுமென்றால் பழுதையும் சகித்துத்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1959இல் வெளிவந்த பிரிட்டிஷ் மினி காரைப் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்காக வைத்தார். அதனால் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து விட்டது. மழைத் தண்ணீர் அதில் தெறித்தால் இன்ஜின் நின்று விடும். அதன் மேல் ரப்பர் கையுறையை மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. அதே மினிதான் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. 2000ஆம் ஆண்டு வரை 53 லட்சத்திற்கும் மேல் தயாரானது.

அடுத்து ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5. பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சுகத்தை, அவற்றின் தொல்லைகள் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று செய்தார்கள். கொடுத்தும் விட்டார்கள். 2016இல் அதன் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே சுகமும் நம்பகமும் சேர்ந்தே இருக்க முடியும். என் கார் பழுதாவதால் எனக்குப் பிடிக்கிறது என்பது இல்லை. பழுதானால் அதை என்னால் படிக்க முடிகிறது. விற்காமல் இருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

கார் என்ன சொல்கிறது?

ஸ்டீயரிங்கிற்குக் கீழே குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கு ஓ.பி.டி. போர்ட் என்று பெயர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் 'ஓ.பி.டி.2' கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு இது வந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரை இதில் செருகி, செல்போனில் ஒரு ஆப் போட்டால், இன்ஜின் கம்ப்யூட்டருடன் நீங்களே பேசலாம்.

எடுத்துக்காட்டாக, '0105' என்று அனுப்பினால் "இன்ஜின் தண்ணீரின் சூடு எவ்வளவு?" என்று கேட்பதாக அர்த்தம். பதிலாக '41 05 7பி' என்று வரும். கடைசியில் உள்ள 7பி தான் விடை. இது ஹெக்ஸாடெசிமல் எண். பி என்றால் 11. ஏழு பதினாறு 112, அதோடு 11 சேர்த்தால் 123. அதிலிருந்து 40ஐக் கழித்தால் 83. அதாவது 83 டிகிரி செல்சியஸ். இந்தக் கணக்கை ஆப்பே போட்டு விடும். ஆனால் உள்ளே மாயம் ஒன்றும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்தான் என்று தெரிந்து கொண்டால் பயம் போய் விடும்.

சென்ற ஆண்டு இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில், நான்கு இக்னிஷன் காயில்கள், நான்கு ஸ்பார்க் ப்ளக்குகள், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 21,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அடாப்டரைச் செருகினேன். 'பி0303' என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

இன்ஜின் ஆறிய பிறகு, மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டேன். முதலாவதன் காயிலை மூன்றாவதில் போட்டேன். கோடை அழித்து விட்டுச் சிறிது தூரம் ஓட்டினேன். இப்போது 'பி0301' என்று வந்தது. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறி விட்டது. ஆகவே கெட்டது அந்த ஒரு காயில்தான். புதிய காயில் 2,600 ரூபாய். வேலை முடிந்தது.

இதே முறைதான் உங்கள் கம்ப்யூட்டருக்கும். இரண்டு ரேம் கார்டுகள் இருந்து, கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக நின்றால், முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மின் இணைப்பைத் துண்டித்து விட்டு ஒரு கார்டை எடுத்து விட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு அதைப் போட்டு மற்றதை எடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போகும். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்ததை எல்லாம் அதில் எழுதி வைக்கிறது. எர்ரர் மெசேஜ் வந்தவுடன் 'ஓகே'யைத் தட்டி விரட்டாமல், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கோடு மட்டும் போதாது

ஒரு எச்சரிக்கை. கோடை அழித்தால் விளக்கு அணையும், பழுது போகாது. பழுது நடந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கார் குறித்து வைத்த தகவலும் சேர்ந்து அழிந்து விடும். ஆகவே முதலில் எழுதிக் கொள்ளுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்து விடும். அதன் விலை காயிலைப் போல் பல மடங்கு.

இன்னொரு முறை 'பி0171' வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்லி இன்டர்நெட்டில் பலர் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, மெஷின் காட்டறது எங்க வலிக்குதுன்னுதாங்க. ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கோணும்" என்றார். 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். வெடித்திருந்த வேக்குவம் டியூபின் விலை 180 ரூபாய். நல்ல மெக்கானிக்கிடம் போவதற்கு அடாப்டர் மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கொள்ளத்தான் அது.

அம்மாவின் கேள்வி

என் நண்பர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். அம்மாவுக்குச் சொல்வது சுலபம் இல்லை. அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். "நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா இந்த வண்டிய நம்ப முடியுமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். முடியாது. அதுதான் உண்மையான பதில்.

அதனால்தான் அந்த வேலையை இந்தக் காருக்குக் கொடுக்கவில்லை. நெஞ்சு வலி என்றால் எந்தக் கார் இருந்தாலும் 108ஐத்தான் அழைக்க வேண்டும். அந்த எண் எங்கள் வீட்டு போனுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. செக்கப்புக்கு அப்பா கால் டாக்ஸியில் போகிறார். அந்தச் செலவையும் காரின் கணக்கிலேயே எழுதுகிறேன். ஆபீசுக்கு ஸ்கூட்டர். பிரேக், டயர், ஸ்டீயரிங், பெட்ரோல் வாடை ஆகிய நான்கிலும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ஒரு ஆண்டு ரிப்பேர் செலவு, காரின் விற்பனை மதிப்பில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் விற்பது என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் தாண்டவில்லை. மாற்று வழி எதுவும் இல்லாத ஊரில், வீட்டுக்கு ஒரே வண்டி இதுதான் என்றால், எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் இதை வைத்திருக்க மாட்டேன்.

கம்ப்யூட்டருக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு விளையாடுங்கள், கழற்றிப் பாருங்கள், கெடுத்துக் கூடப் பாருங்கள். ஆனால் குழந்தையின் போட்டோக்களோ, கடையின் வரவு செலவுக் கணக்கோ அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருக்கக் கூடாது. இன்னொரு பிரதி வெளியே இருந்தால்தான் பரிசோதனை செய்யும் தைரியம் வரும். பேக்கப் இல்லாதவருக்குச் சின்னப் பழுது கூடப் பெரிய இழப்பாகி விடும்.

திறக்க முடிகிற பொருள்

இன்று பல லேப்டாப்களில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்து விடுகிறார்கள். ஒரு கார்டை எடுத்து மற்றதைப் போட்டுப் பார்க்கும் சோதனை அதில் சாத்தியமே இல்லை. கார்களும் அந்த வழியில் போகாமல் தடுக்கச் சிலர் போராடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கம்பெனி டீலர்களுக்குக் கிடைக்கும் ரிப்பேர் தகவல் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்டத்தை மக்கள் 2012 நவம்பரில் ஓட்டுப் போட்டு ஆதரித்தார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு வெப்சைட்டைத் தொடங்கியது. அடுத்த முறை கம்ப்யூட்டரோ காரோ வாங்கப் போகும்போது, விலையையும் வேகத்தையும் கேட்பதோடு, "இதைத் திறக்க முடியுமா? பார்ட்ஸ் தனியாகக் கிடைக்குமா? வெளியில் ரிப்பேர் செய்யலாமா?" என்றும் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்காத வசதியை எந்தக் கம்பெனியும் தானாகக் கொடுக்காது.

என் கருத்து இதுதான். மக்கர் செய்யும் பொருளை நேசிப்பதில் தப்பில்லை. ஆனால் அது சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும். அது நின்று போனால் வீட்டில் யாரும் தவிக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால், உங்கள் பொருளை எப்போது விற்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இப்போதைக்கு என் காரில் இடது பக்கக் கண்ணாடி இறங்குவதில்லை. ஸ்விட்சா, மோட்டாரா என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பக்கத்து ஸ்விட்சுகளையும் மாற்றிப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.