லொகேஷன் அனுப்ப மாட்டேன்

காலை நடையில் ஒருவர் கேட்டார்: ‘சார், பூநாரை எந்த ஏரிக்கு வந்திருக்கு? லொகேஷன் அனுப்புங்க.’

மாட்டேன் என்றேன். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் அதை ‘ஃபிளாமான்’ என்று எழுதிப் பழகினேன். நேரில் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். காத்திருந்தால் குறைந்து போகாது.

லொகேஷன் போனால் அரை மணியில் பத்து கேமரா வரும். பறக்கிற படம் வேண்டுமென்று கல்லெறிந்தவரைப் போன தையில் கண்ணால் கண்டேன்.

பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் வாங்கியவர்கள் வேடந்தாங்கல் குடியானவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். படித்த நமக்கு அது தெரியவில்லையே!

ஆசையா? மார்கழி, தையில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் போங்கள். கூழைக்கடா, கரண்டிவாயனைக் கரையில் நின்றே பார்க்கலாம். அபூர்வப் பறவையை விட்டுவிடுங்கள். ஏரியைக் காப்பாற்றுங்கள், அது தானே வரும்.