பதினொன்றாம் நாள்

என்னிடம் ஒரு கோட் இருந்தது. பி.காம். முடித்த ஜோரில், தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. பெங்களூரில் மூன்று இன்டர்வியூவுக்கு என்னோடு வந்தது. மூன்றிலும் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, வேலை கொடுக்கவில்லை. கடைசியில் அதைத் தானம் செய்துவிட்டேன். யாருக்கு என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

வீடு எரிந்தவர்களுக்கு!

2012 நவம்பர் 7. தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள். சாதி விட்டுச் சாதி நடந்த ஒரு காதல் கல்யாணம். பெண்ணின் அப்பா தற்கொலை. அன்று மாலையே திரண்டு வந்தது கூட்டம். 250 வீடுகளுக்கு மேல் கொளுத்தப்பட்டன. ஜனங்கள் ஓடித் தப்பித்தார்கள். பீரோ, பைக், ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டுக்கெல்லாம் ஓடத் தெரியாதே!

அப்போது நான் உள்ளூரிலேயே ஒரு கம்பெனியில் கணக்கெழுத உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தெருத்தெருவாகப் போய்த் துணி சேகரித்தோம். தாராள மனசு நம்ம ஊருக்கு! ஜரிகை மட்டும் மிச்சமிருந்த பட்டுப்புடவை, ஜிப் போன பேன்ட், இடது காலுக்கு மட்டும் ஒரு ஷூ... இதோடு என் கோட். டெம்போ நிறைந்துவிட்டது. எங்கள் நெஞ்சும் நிறைந்துவிட்டது.

அங்கே மூட்டையைப் பிரித்த ஒரு அக்கா, என் கோட்டை உதறித் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இதப் போட்டுக்கினு நான் எந்த ஆபீசுக்குப் போறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும் ஹி... ஹி... என்றேன். கோட்டுக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை சார். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. மீனவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவர்கள் பறிகொடுத்தது படகையும் வலையையும் பெற்ற பிள்ளைகளையும். நாம் அனுப்பியது, நம் பீரோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை. நிவாரண வேலை பார்ப்பவர்கள் இந்தத் துணி மூட்டைக்கு வைத்திருக்கும் பெயர், 'இரண்டாவது பேரிடர்'.

ஆனால் அதே நாகப்பட்டினத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2005 ஜனவரியில், கலெக்டர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கென ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கினார்கள். எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், எங்கே வீடு வேண்டும், எங்கே வலை வேண்டும், யாரையுமே எட்டிப் பார்க்காத குப்பம் எது என்று கணக்கு வைப்பது அதன் வேலை. ஒரே ஊருக்குப் பத்துப் பேர் பாய் கொடுப்பதும், பக்கத்து ஊருக்கு ஒருத்தரும் போகாததும் இப்படித்தான் குறையும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பாரடைஸ் என்று ஒரு ஊர். பெயருக்கு அர்த்தம் சொர்க்கம். 2018 நவம்பர் 8 அன்று காட்டுத்தீ வந்தது. 85 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 18,000 கட்டடங்களுக்கு மேல் சாம்பல். அந்த நாட்டில் இந்த மாதிரி சமயங்களில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளூர் சர்ச்சுகள், சேவைச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நீண்ட கால மீட்புக் குழு என்று ஒன்று அமைக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு ஃபைல். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக, அரசாங்கம் கொடுத்தது போக, இன்னும் என்ன துண்டு விழுகிறது என்று அந்தப் பொறுப்பாளர் மேஜைக்குக் கொண்டு வருகிறார். ஒருத்தர் மரம் தருகிறார், ஒருத்தர் பணம் தருகிறார், ஒருத்தர் ஆள் அனுப்பிக் கூரை போடுகிறார். பத்து நாளில் முடிகிற விவகாரம் இல்லை இது. வருஷக்கணக்கில் நடக்கும்.

நம்மிடம் முதல் பத்து நாள் பிரமாதம். புளிசாதப் பொட்டலம், போர்வை, குடம், தலைவர்கள், காமிரா. பதினொன்றாம் நாள்தான் நிஜமான கணக்கு ஆரம்பிக்கிறது. ரேஷன் கார்டுக்கு ஒரு ஆபீஸ், பட்டாவுக்கு ஒரு ஆபீஸ், மார்க் ஷீட்டுக்கு இன்னொரு ஆபீஸ். ஒவ்வொரு ஆபீஸிலும் இன்னொரு ஆபீஸின் கடிதம் கேட்பார்கள். "நாளைக்கு வாங்க" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் சம்பளம் அம்பேல். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-லிருந்து இருக்கின்றன. எரிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல்லோ கல்லோ வைத்து வீடு கட்டித் தரவேண்டும் என்கிறது அதன் அட்டவணை. அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள், மனு எழுத ஒரு ஆள், கூடவே போய் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். வேறென்ன?

இதெல்லாம் யாருக்குக் கை வந்த கலை? சாட்சாத் நமக்குத்தான்! ஃபாரம் நிரப்புவது, ஜெராக்ஸ் எடுப்பது, ஃபைலைத் துரத்துவது... மாதம் முப்பது நாளும் ஆபீஸில் வேறென்ன செய்கிறோம்? வருஷத்துக்குப் பன்னிரண்டு சி.எல். இருக்கிறது. அதில் நாலு தலைவலிக்கு, மூணு புதுப்படத்துக்கு, ரெண்டு மச்சினன் கல்யாணத்துக்கு. மிச்சத்தில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. கோடை வந்தால் எங்கேயாவது ஒரு குடிசை எரியத்தான் செய்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டு, 'இந்த வீட்டுக்கு நீ, அந்த வீட்டுக்கு நான்' என்று பிரித்துக்கொண்டால் போதும்.

உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோட்டை உதறிய அந்த அன்றைக்கே, ஒரு பையன் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தான். ப்ளஸ் டூ மார்க் ஷீட் எரிந்துவிட்டது. ஹாஸ்டலில் தங்கி வெளி மாவட்டத்தில் படித்தவன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய் ஹெட்மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "அண்ணா, நீங்க கூட வந்தா பேசுவீங்க" என்றான். "சனிக்கிழமை வர்றேன்" என்றேன். டைரியிலும் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, வீட்டில் அப்பா, "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உனக்கெதுக்குடா இந்த வம்பு?" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டி.வி. பார்த்தேன். சொன்னது அப்பாதான் என்றாலும், பயந்தது நான்தான்.

பொங்கல் முடிந்து ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். தோளில் பை. பெங்களூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவனே பார்த்துவிட்டான்.

"தம்பி... மார்க் ஷீட் வாங்கிட்டியா?"

"இல்லண்ணா. பரவால்ல. கட்டட வேலைக்குத்தானே போறேன், அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

கோபமே இல்லாமல் சொன்னான். பஸ் கிளம்பிவிட்டது.

ஆபீஸுக்குப் போய் லீவு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். முந்தைய வருஷக் கணக்கில், என் பெயருக்கு நேரே ஆறு சி.எல். மிச்சம் இருந்தது. டிசம்பர் 31-ம் தேதியோடு லாப்ஸ்.