ஃபேர் சான்ஸ்

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை. (கிரிவலம் போகிற ஊர் இல்லை சார், இது சீனிவாசப் பெருமாள் மலை.) அந்தக் கூட்டத்தில்தான், பல வருஷத்துக்கு முன், எனக்குப் பெண் பார்க்கும் படலம்.

பெண்ணின் அப்பா ரிட்டையர்டு ஹெட்கிளார்க். ராஜபாளையத்தில் வேலை பார்க்கிற எனக்கு மெட்ராஸ் மாற்றல் கிடைக்குமா என்று முன்பே இங்கிலீஷில் கடிதம் போட்டிருந்தார். நானும் இங்கிலீஷிலேயே, 'தேர் இஸ் எ ஃபேர் சான்ஸ்' என்று பதில் எழுதிவிட்டேன். 'கஷ்டம்தான்' என்று எழுதக் கௌரவம் இடம் தரவில்லை. என் கணக்கில் அது நூற்றுக்கு முப்பது.

பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாம்பலத்துல வீடு பார்க்கச் சொல்லிட்டேன் மாப்ளே" என்றார். எனக்கு வியர்த்தது. மலை ஏறியதால் அல்ல.

இதே வார்த்தையில் கென்னடியே வழுக்கியிருக்கிறார். 1961-ல் சுமார் 1,400 பேரைக் கியூபாவில் இறக்கும் சி.ஐ.ஏ. திட்டத்துக்கு ராணுவத் தலைமை எழுதிக் கொடுத்த மதிப்பீடும் 'ஃபேர் சான்ஸ்'தான். அதில் பங்கெடுத்த ஜெனரல் டேவிட் கிரே மனசில் இருந்தது ஜெயிக்க முப்பது, தோற்க எழுபது. எண்ணை எழுதவில்லை. படித்தவர்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றே நாளில் கதை முடிந்து, ஆயிரத்துக்கும் மேல் சிறைப்பட்டார்கள்.

நம் வானிலைக்காரர்கள் உஷார். 25 சதவீதத்துக்குக் கீழே 'அன்லைக்லி', 25-லிருந்து 50 வரை 'லைக்லி' என்று அறிக்கையிலேயே அர்த்தம் போட்டுவிடுகிறார்கள். 'ஸ்லிம்', 'ரிமோட்' என்று எழுதினாலும் ஆபத்தில்லை. கை விரிப்பது தெரிந்துவிடும். இந்த 'ஃபேர்'தான் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும். தமிழில் இந்தத் தகராறு கிடையாது. விருந்தாளி 'வரலாம்' என்றால் அரைப்படி அரிசி கூடப் போடுவார்கள். 'வந்தாலும் வரலாம்' என்றால் எந்த அம்மா உலை வைப்பாள்?

பெருமாள் சந்நிதிக்கு முன் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், அது முப்பது பர்சன்ட்தான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நாலு படி மேலே நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சிரித்த மாதிரிகூட இருந்தது.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றார்.

மாப்ளே, தம்பியாகிவிட்டான். 'சொல்லி அனுப்புறோம்' எத்தனை பர்சன்ட் என்று உங்களுக்கே தெரியும்.