மிச்சம் பிடிக்கும் ஆட்டம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு 70 கிலோமீட்டர். காணிப்பாக்கம் திரும்பும் சாலையைப் பஸ் தாண்டுவதற்குள் அக்கா மகன் தன் கைபேசியை என் மடியில் வைத்துவிட்டான். திரையில் கட்டம் கட்டமாக எண்கள். "120. போன வாரமும் 120தான், மாமா."

பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊருக்கு வருவான். அலுவலகத்தின் நால்வர் அணியில் அவனும் ஒருவன். வாரம் ஒரு மாலை டென்பின் பௌலிங் லீக். இன்னும் மூன்று வாரம் பாக்கி. அவனைவிட நல்ல சராசரி உள்ள ஒரு பெண் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த சீசனில் யாருக்கு இடம் என்பதுதான் கேள்வி. விளையாட்டுதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் மேலதிகாரிகளுக்குச் சமமாக நின்று பேசவும் சிரிக்கவும் அவனுக்கு அங்கே கிடைத்த ஒரே இடம் அந்த லேன்தான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முன் இருக்கையிலிருந்து அக்கா திரும்பினாள். "குண்டை உருட்டி விடறதுக்குக் காசு கட்டிட்டு வர்றான், தம்பி. கேட்டா ஸ்போர்ட்ஸுங்கறான்."

என் யோக்யதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மொழிபெயர்ப்புக்காக ஒரு பௌலிங் கையேடு என் மேஜைக்கு வந்தது. தமிழில் அது வெளிவரவே இல்லை. படித்தது மட்டும் மிச்சம். பந்தை ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறேன். அது நேராக ஓரச் சாக்கடைக்குள் போய் விழுந்தது.

விஷயம் இதுதான். 60 அடி தள்ளி முக்கோணமாகப் பத்து பின்கள். பத்து ஃப்ரேம்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக்: பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளின் எண்ணிக்கையும் சேரும். இரண்டாம் பந்தில் மீதியும் விழுந்தால் ஸ்பேர்: பத்தோடு அடுத்த ஒரு பந்து. தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தால் 300. அதற்கு மேல் இல்லை.

பையனின் கணக்கில் நான்கு ஸ்ட்ரைக்குகள், ஒன்று விட்டு ஒன்றாக: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. பார்க்க அழகு. மற்ற ஆறு ஃப்ரேம்களிலும் முதல் பந்தில் ஏழு, இரண்டாவதில் ஒன்று, ஆக எட்டெட்டு. கூட்டினால் 120. "இன்னும் ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்தா போதும், மாமா" என்றான். எல்லோரும் சொல்வதுதான்.

டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஸ்ட்ரைக் ஒன்றுகூடக் கூட்ட வேண்டாம். இரண்டு, நான்கு, ஆறு என்ற மூன்று ஃப்ரேம்களில் மட்டும் மீதிப் பின்களை விழுத்தினால் முதல் ஆறு ஃப்ரேம்களும் இருபது இருபதாகின்றன. மொத்தம் 162. ஆறு ஓட்டைகளையும் அடைத்தால் 191. ஸ்ட்ரைக்கே அடிக்கத் தெரியாத ஒருவன் ஒவ்வொரு முறையும் ஒன்பது வீழ்த்தி, பத்தாவதையும் தவறாமல் எடுத்தால், கடைசி உபரிப் பந்திலும் ஒன்பது எடுத்தால், 190. பத்தாவதை ஒவ்வொரு முறையும் தவறவிட்டால் 90. ஒரே ஒரு பின்னுக்குள் நூறு புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றன.

ஸ்பேருக்குத் தமிழில் என்ன போடுவது என்று அன்று ஒரு வாரம் யோசித்தேன். "மிச்சம்" என்றே போட்டேன். மீந்து நிற்பதும் மிச்சம். செலவில் பிடித்து வைப்பதும் மிச்சம். இதை விளக்கியபோது அக்காவுக்கு முதல் முறையாக ஆட்டத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

லீக்கில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. பல லீக்குகளில் ஹேண்டிகேப் என்று சலுகைப் புள்ளி தருவார்கள். 200க்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதம் என்பது ஒரு வகைக் கணக்கு. அதன்படி 120 சராசரிக்காரனுக்கு 64 புள்ளி இனாம். அவன் ஒரு நாள் 140 எடுத்தால் அணிக்குச் சேருவது 204. நட்சத்திர ஆட்டக்காரரைவிட, தன் சராசரிக்கு மேல் நிதானமாக இருபது எடுப்பவன்தான் அன்று அணியைத் தூக்கி நிறுத்துகிறான்.

சரி, மிச்சத்தை எப்படிப் பிடிப்பது? பலகைகளை எண்ண வேண்டும். லேனின் அகலத்தில் 39 பலகைகள். கோட்டுக்கு அப்பால் ஏறக்குறைய 15 அடியில் ஏழு அம்புக்குறிகள். தூரத்துப் பின்னைப் பார்க்காமல் அம்பைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். வலக்கைக்காரர் இடப்பக்கம் மிஞ்சிய பின்னுக்கு, அதே அம்பைக் குறிவைத்து, நிற்கும் இடத்தை மட்டும் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். நடுப் பின்னுக்கு இடப்புறம் பின்னால் உள்ள வரிசைக்கு மூன்று பலகை, அதற்கடுத்ததற்கு ஆறு, மூலைக்கு ஒன்பது. வலப்பக்க மிச்சத்துக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: அம்புதான் ஏற்றக்கால், இந்த முனை வலப்பக்கம் போனால் அந்த முனை இடப்பக்கம் போகும்.

லேனின் முன்பகுதியில் சுமார் 40 அடி வரை எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் போகப் போக அது கலைந்து, முதல் ஆட்டத்தில் சரியாகப் போன பந்து மூன்றாம் ஆட்டத்தில் அதிகமாக இடப்பக்கம் வளையும். கையைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்ப்பதுதான் பையன் செய்த தப்பு. பந்து இடப்பக்கம் தவறினால் காலையும் இடப்பக்கம் நகர்த்து; கையைத் தொடாதே. மிச்சத்துக்கு மட்டும் வளையாத சாதாரண பிளாஸ்டிக் பந்து உத்தமம்.

அலிபிரியில் படியேறத் தொடங்கினோம். 3,550 படிகள். மோகாள்ள பர்வதத்தில், அதாவது முழங்கால் மலையில், பையன் மூச்சு வாங்கினான். பேரே சொல்கிறதே என்றேன். கடைசி அடியில் முழங்கால் மடிந்து, பாதம் வழுக்கி நின்றால்தான் பந்து தரையில் மென்மையாக இறங்கும். விறைத்த கால் பந்தைத் 'தொம்' என்று போடும். அவன் 14 பவுண்ட் பந்து எடுக்கிறான், பக்கத்திலிருப்பவன் எடுக்கிறானே என்று. விதிப்படி 16 பவுண்ட் வரை போகலாம். அதற்காகப் போக வேண்டுமா? பிடியை இறுக்காமல் வீச முடிகிற எடைதான் உங்கள் எடை.

நம் நாட்டில் இந்த ஆட்டம் வளர்ந்த கதை கொஞ்சம் பரிதாபமானது. 1978ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் பௌலிங் சேர்ந்தது. 1982ல் டெல்லியில் நடந்தபோது அது இடம்பெறவில்லை. தாராளமயத்துக்குப் பிறகுதான் பெருநகர மால்களில் லேன்கள் பரவின. அப்படியும் சென்னையிலிருந்து ஷபீர் தன்கோட் பல முறை தேசிய சாம்பியனாகியிருக்கிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கட்ட வேண்டிய விளையாட்டில், சித்தூர்ப் பையனுக்கு இலவசமாகக் கிடைக்கிற பயிற்சி மொட்டைமாடியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டோம். கரி போட்டுத் தேய்க்கும் அக்காவின் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். நான்கு அடி நடை, ஊஞ்சல் மாதிரி கை, கோட்டுக்கு முன் சறுக்கி நிற்பது. பெட்டி தன் எடையிலேயே ஆட வேண்டும். தோள் தள்ளக் கூடாது. நூறு முறை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பாட்டி தெலுங்கில் என்னவோ கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு போன் வந்தது. 131, 126, 149. "மூலைப் பின்னை மட்டும் நாலு தடவை விட்டுட்டேன், மாமா. ஒன்பது பலகை போதலை, பத்து நகரணும் போல." ஸ்ட்ரைக்கைப் பற்றி அவன் பேசவே இல்லை. அணியில் இடம் உண்டா என்பது இன்னும் இரண்டு வாரத்தில் தெரியும்.

அக்கா போனைப் பிடுங்கி, இஸ்திரிப் பெட்டியை எப்போது திருப்பிக் கொண்டுவருவாய் என்று கேட்டாள்.