கறுப்புப் பட்டியல் என்னும் கட்டுக்கதை



"என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்." மலேசியாவில் நம்மவர் வாயிலிருந்து இச்சொல்லைக் கேளாதார் இலர். வீட்டுக் கடன் கிடைக்காவிட்டாலும் இதுவே காரணம். மகிழுந்துக் கடன் கிடைக்காவிட்டாலும் இதுவே காரணம். இல்லாத ஒரு பட்டியலை நொந்துகொண்டு வாளாவிருக்கிறோம். இந்த அறியாமையே நம் குடும்பங்களின் பணத்தைக் கரைக்கிறது என்பேன்.

உண்மை என்ன? பேங்க் நெகாரா 2001இல் தொடங்கிய சிசிரிஸ் பதிவகத்தில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒருவருக்கு எவ்வளவு கடன் உள்ளது, கடந்த 12 மாதங்களில் தவணையை எப்படிக் கட்டினார், புதிதாக எந்தக் கடனுக்கு விண்ணப்பித்தார் என்பன அதில் பதிவாகின்றன. நிலுவை இல்லாத மாதத்திற்கு 0. ஒரு மாத நிலுவைக்கு 1. இரு மாதத்திற்கு 2. நாம் வகுப்பில் இடும் மதிப்பெண்ணுக்கு நேர்மாறாக, இங்கே சுழியம் வாங்கியவரே முதல் மாணவர்!

புள்ளி இடுவது சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் வேலை. அதன் புள்ளி 300 முதல் 850 வரை. இத்தகைய நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. எனினும் கடன் தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பது அந்தந்த வங்கியே.

இதை அறியாததால் விளையும் கேடுகளைப் பாருங்கள். "பெயரைத் துடைத்துத் தருகிறோம்" என்று தரகர்கள் பணம் பறிக்கிறார்கள். நிலுவையைத் தீர்த்து, 12 மாதம் ஒழுங்காகக் கட்டினால் பழைய தவணைக் குறிகள் தாமே நகர்ந்துவிடும்; இதற்குத் தரகர் எதற்கு? உறவுக்காக யோசியாமல் பிணைக் கையொப்பம் இடுகிறோம். அவர் கட்டத் தவறினால் கடன் நம் தலையில் விடியும். வங்கி மறுத்ததும் ஆலோங்கிடம் ஓடுகிறோம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங்கிற்கு ஏது சட்டம்?

புள்ளி குறைந்தவர் ஒழுக்கம் கெட்டவர் என்று இகழ்வோரையும் நான் ஏற்கமாட்டேன். தந்தைக்கு நோயா, தாய்க்கு வேலை போயிற்றா என்று அந்த எண் கேட்பதில்லை. கட்டவில்லை என்பதை மட்டுமே அது அறியும். ஆகவேதான் தவணை தவறுமுன்பே வங்கியிடம் சென்று பேசவேண்டும். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. வெட்கப்பட்டு வீட்டில் முடங்குவதால் நிலுவைதான் ஏறும்.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடன் பேச்சு எதற்கு?" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். விழுக்காட்டுக் கணக்கை நாம் கற்பிக்கிறோம் அல்லவா? மாம்பழத்தின் இலாபத்தோடு அதை ஏன் நிறுத்தவேண்டும்? கடன்பற்று அட்டையில் 2,000 வெள்ளி நிலுவை. ஆண்டு வட்டி 18 விழுக்காடு. ஒரு மாத வட்டி எவ்வளவு? 30 வெள்ளி. அந்த 30 வெள்ளியில் எத்தனை கதை நூல்கள் வாங்கலாம் என்று அடுத்த வினாவைக் கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் புரியும், கடனும் புரியும். இதே பிள்ளைகள்தாம் சில ஆண்டுகளில் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஒப்பந்தத்தில் படிக்காமலேயே கையொப்பம் இடப்போகிறார்கள்.

பெற்றோரே, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை வரிவரியாகப் பார்க்கிறீர்கள். உங்கள் சிசிரிஸ் அறிக்கையை ஒருமுறையேனும் பார்த்ததுண்டா? அதை இலவசமாகவே பெறலாம். பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். இம்மாதமே பாருங்கள். எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட எண்ணைப் படிக்கக் கற்பதே அறிவுடைமை.

சிந்திப்போம், செயல்படுவோம்.